ரப்பர் மீன்

பாக்கெட்டின் மேல் அட்டையில் ஒரு மீன் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீருக்கு வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, கை முஷ்டி முழுசா உள்ளே போகிற அளவு வாய். அந்த மீன் மடுல்சீமையில் இல்லை. பசறையில் இல்லை, பதுளையில் இல்லை, எங்களுக்குத் தெரிந்த எந்தக் குளத்திலும் இல்லை. அது வட அமெரிக்காவின் பாஸ் மீன். ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் காசு சேர்த்து அந்தப் பாக்கெட்டை வாங்கினோம்.

விலை ஆயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளமும் ஆயிரம் ரூபாதான். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த அதே ஆயிரம். அதாவது உள்ளே இருந்த ஐந்து ரப்பர் மீன்களும் சேர்ந்து அம்மாவுக்கு ஒரு முழுப் பேர். கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர் போட்ட நாளென்றால் அந்தச் சம்பளத்துக்குப் பாக்கெட் கிடைக்காது. வீட்டில் விலையைச் சொல்லவில்லை. "கூட்டாளி குடுத்தான்" என்று மூன்று வீட்டிலும் மூன்று பேரும் சொன்னோம். ஒருவகையில் அது பொய்யும் இல்லை.

அதுவரைக்கும் எங்களுக்குத் தெரிந்த தூண்டில் வேறு. மூங்கில் கம்பு, தங்கூசி, பழைய செருப்பை வெட்டிச் செய்த மிதப்பு, மண்புழு. ஸ்டோருக்குக் கீழே ஒரு குளம் இருக்கிறது. வெள்ளைக்காரத் தொரை காலத்தில் மிஷின் ஓட்டத் தண்ணி சேர்த்து வைத்த இடம் என்று தாத்தாமார் சொல்வார்கள். இப்போது பாதி சேறு, பாதி புல். திலாப்பியாவும் கொஞ்சம் கெண்டையும் கிடைக்கும். மண்புழுத் தூண்டில் என்பது குந்திக்கொண்டு காத்திருக்கிற வேலை. மிதப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும். மீன் வந்தால் வரும், வராவிட்டால் அட்டைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ரப்பர் மீன் அப்படி இல்லை. அதுக்கு உயிர் கொடுக்கிறது நம்ம கை.

பொருளாகப் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. மென்மையான பிளாஸ்டிக், விரல் நீளம், வெள்ளி வயிறு, பச்சை முதுகு. வால் மட்டும் விசேஷம். குட்டிச் சப்பாத்து ஒன்றை மடக்கி ஒட்டின மாதிரி, தட்டையான நுனி உடம்புக்குக் குறுக்கே நிற்கும். ரீலைச் சுற்றி இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தட்டில் மோதி ஒரு பக்கம் தள்ளும், வால் திரும்பி வரும், மறுபடி தள்ளும். வால் ஆட உடம்பும் சேர்ந்து ஆடும். மீன்களுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடுகிறது. தண்ணீரின் சின்ன அசைவையும் அது பிடித்துக்கொள்ளும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் மீன் அந்தக் கோட்டுக்குத் தெரிகிறது. இன்னொரு விஷயம், கடித்த பிறகு. மரத்தாலோ தகரத்தாலோ செய்த பொய் மீனைக் கடித்ததும் பெரிய மீன் சட்டென்று துப்பிவிடும். மெத்தென்று இருந்தால் இன்னும் ஒரு நொடி வாயில் வைத்திருக்கும். தூண்டிலை இழுக்க நமக்குக் கிடைக்கிற நேரம் அந்த ஒரு நொடிதான்.

எங்களில் ஒருத்தன் "பாஸ் என்றா கொடுவாதானே, மட்டக்களப்புல நிறைய இருக்கே" என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். ஹோட்டல் பட்டியல்களில் 'சீ பாஸ்' என்று போடுவது பெரும்பாலும் கொடுவாவைத்தான். பாக்கெட்டில் இருந்தது வேறு குடும்பம். நல்ல தண்ணீரிலேயே பிறந்து நல்ல தண்ணீரிலேயே சாகிற மீன். தமிழில் அதற்குப் பேர் இல்லை, தேவையும் வரவில்லை.

அந்த மீனின் பின்னால் அமெரிக்காவில் ஒரு பெரிய உலகமே ஓடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1932 ஜூன் 2 அன்று ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்ற இளம் விவசாயி 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையில் ஒரு பாஸைப் பிடித்தார். பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பொருளாதாரம் விழுந்து கிடந்த காலம். உலகச் சாதனை மீனை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பமே சமைத்துச் சாப்பிட்டது. எங்களுக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போனது. ஓஹையோவில் நிக் கிரீம் என்பவர் வீட்டு நிலவறையில் பிளாஸ்டிக்கை உருக்கி மென்மையான பொய்ப் புழு செய்தது 1949இல். இன்றைக்கு எங்க பையில் கிடக்கிற ரப்பர் மீன் அந்தப் புழுவின் பேரன் பூட்டன்.

கலிபோர்னியாக் கதைதான் எங்களுக்கு உண்மையில் உதவியது. அங்கே நீர்த்தேக்கங்களில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், ஆட்கள் பிடித்து விளையாட. அந்த ட்ரவுட்டைத் தின்று தின்று பாஸ்கள் பூதமாக வளர்ந்தன. அதைக் கவனித்தவர்கள் சாண் நீளத்துக்கும் மேலே அச்சு அசல் ட்ரவுட் மாதிரி மென்மையான பொய் மீன் வார்த்தார்கள். பெரிய ஸ்விம்பெய்ட்டுகளுக்குப் பேர் வந்தது அங்கேதான். ஆக, அந்தத் தண்ணீரில் பெரிய மீன் எதைத் தின்கிறது என்று பார்த்துச் செய்த சாமான் அது. எங்க நுவரெலியாவுக்கும் 1880களில் வெள்ளைக்காரர்கள் ட்ரவுட் கொண்டுவந்தார்கள். ஆனால் நாங்கள் போகிற பக்கம் ட்ரவுட் கிடையாது. கெண்டைக் குஞ்சு, திலாப்பியாக் குஞ்சு, தவளை. அதைத் தின்கிற பெரிய வாய், விரால்.

விரால் எங்க உயரத்துக் குளிர் தண்ணீரில் நாங்கள் கண்டதில்லை. கீழே இறங்க வேண்டும்.

இறங்குவதற்கு ஒரு காரணமும் வந்தது. எங்களில் ஒருத்தனின் அக்காவுக்குப் பிள்ளை பிறந்து மூன்று கிழமை. பெரியாஸ்பத்திரியில் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அக்கா எழும்பி நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. "விரால் கெடைச்சா நல்லது, புண்ணும் ஆறும், பாலும் ஊறும்" என்று அவங்க மாமியார் சொன்னார். சிங்கள ஆட்களும் லூலாவைப் பற்றி இதையே சொல்வார்கள். வைத்தியம் எவ்வளவு உண்மை என்று வாதாட எங்களுக்கு விருப்பமில்லை. பையில் ரப்பர் மீன் இருந்தது, அக்காவுக்கு விரால் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

விடியக்காலை முதல் பஸ்ஸில் பசறை. அங்கிருந்து லுணுகலை வழியாகப் பிபிலை. அந்தப் பாதையில் இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள், பிறகு தொப்பியைப் போடுவீர்கள். தேயிலை முடிந்து மிளகு வரும், மிளகு முடிந்து வயல் வரும். பிபிலைக்கு அப்பால் ஒரு சின்னக் குளம். பேர் வேண்டாம், காரணம் பிறகு புரியும். கரையோரம் தாமரையும் சல்வினியாவும், நடுவில் வெட்டவெளித் தண்ணீர்.

முதல் இரண்டு மணித்தியாலம் நாங்கள் பிடித்ததெல்லாம் தாமரைத் தண்டு. எறிந்தால் இலையில் முள் கொளுவும், இழுத்தால் வால் கிழியும். ஐந்தில் இரண்டு அப்படியே போனது, அதாவது அம்மாவின் அரைப் பேருக்குக் கிட்ட. பிறகு போனில் பார்த்து ஞாபகம் வைத்திருந்ததைச் செய்தோம். முள்ளின் கூரை ரப்பர் மீனின் முதுகுக்குள் பதித்துவிட வேண்டும், நுனி தோலுக்குள் ஒளிந்திருக்கும். ஈயம் வயிற்றுப் பக்கம் வரவேண்டும், அப்போதுதான் மீன் குப்புறக் கவிழாமல் நேராக நீந்தும். அப்படிக் கொளுவினால் இலை மேல் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். விரால் கடிக்கும்போது ரப்பர் நசுங்கி முள் வெளியே வரும்.

இரண்டாவது பாடம் அவசரப்படாதது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றையும் குடிக்க வேண்டும். வந்து 'பொளக்' என்று ஒரு வாய் எடுத்துவிட்டு இறங்கும். அந்த வளையத்தின் மேலேயே எறிந்தால் மீன் மிரண்டு ஓடிவிடும். வளையத்தைத் தாண்டி எறிந்து, அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு வரவேண்டும், மெதுவாக, ஒரே சீராக. நாங்களோ சினிமா ஹீரோ மாதிரி கம்பை ஆட்டிக்கொண்டிருந்தோம். வால் தானாக ஆடும், ஆட்ட நாங்கள் தேவையில்லை என்பது மண்டையில் ஏற மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் ஒரே ஒரு கடி. அதையும் நாங்கள் அவசரத்தில் இழுத்து, அதன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டோம்.

அந்த நேரத்தில்தான் ஒரு சீயா வள்ளத்தில் வந்தார். வலை போட்டுத் திலாப்பியா பிடிக்கிறவர். எங்க கையில் இருந்த ரப்பர் மீனை வாங்கி நசுக்கிப் பார்த்துச் சிரித்தார். பிறகு தாமரை விட்ட இடைவெளி ஒன்றைக் காட்டினார். அங்கே தண்ணீரின் மேல் ஒரு தட்டு அளவுக்குச் சின்னச் சின்னக் கொதிப்பு, மழை தூறுகிற மாதிரி. ஆனால் மழை இல்லை. உற்றுப் பார்த்தால் செம்மஞ்சளாக ஏதோ நூற்றுக்கணக்கில் மேலே வருவதும் இறங்குவதுமாக இருந்தது.

"லூலா பெட்டவ்," என்றார். விரால் குஞ்சுகள். "எத்தனட்ட தான்ன." அங்கே போடு.

போட்டோம். ரப்பர் மீன் அந்தக் கொதிப்பின் நடுவால் இரண்டு முழம் வந்திருக்காது. கீழிருந்து ஒரு கறுப்பு வந்து அடித்த அடியில் கம்பு வளைந்து ரீல் கிறீச்சிட்டது. கரைக்கு இழுத்தபோது கிட்டத்தட்ட முழங்கை நீளம். ஒன்றேகால் கிலோ இருக்கும். நாங்கள் கத்திய கத்தில் எதிர்க்கரையில் உடுப்பு துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சீயாவுக்கு நன்றி சொன்னோம், போட்டோ எடுத்தோம், மறுபடியும் போட்டோ எடுத்தோம்.

போட்டோ எடுத்து முடிந்த பிறகுதான் தண்ணீரைப் பார்த்தோம்.

கொதிப்பு அங்கேயேதான் இருந்தது. ஆனால் தட்டு மாதிரி வட்டமாக இல்லை, கலைந்து நீளமாகப் போயிருந்தது. அதன் அடியில் அங்கங்கே சின்னதாக மின்னியது. திலாப்பியாக்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் அந்த நீளம் ஒரு இடத்தில் அறுந்தது. குஞ்சுகளும் காற்றுக் குடிக்க மேலே வந்துதான் ஆகவேண்டும், ஒளிந்து கிடக்க முடியாது. அதனால்தான் அவை அத்தனை வெளிச்சமாகத் தெரிகின்றன, எங்களுக்கும் திலாப்பியாவுக்கும். கீழே காவல் நின்றதை நாங்கள் பொலித்தீன் பைக்குள் போட்டுவைத்திருந்தோம்.

விராலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் நிற்பது உண்டு. இன்னொன்று கீழே இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருக்கலாம். நாங்கள் நின்ற கால் மணித்தியாலத்தில் எதுவும் வந்து திலாப்பியாவை விரட்டவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்காவின் வீட்டில் மாமியார் மீனைப் பார்த்துவிட்டுப் பெருமையாக லயத்துக்கே காட்டினார். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் குழம்பு. அக்கா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளை தொட்டியில் கிடந்து கத்தியது, "இருடா, அம்மா சாப்புட்டு வாரேன்" என்றார். எங்களுக்கும் ஒரு துண்டு வைத்தார்கள். ருசியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சண்டை வந்தது அடுத்த கிழமை, மறுபடி போகலாமா என்ற பேச்சில். ஒருத்தன் சொன்னான், குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப் போட்டால் ஒரு நாளைக்கு நாலு விரால் நிச்சயம், விற்றால் பஸ் காசும் ரப்பர் மீன் காசும் வந்துவிடும். இன்னொருத்தன் தான் வரவில்லை என்றான். "மீன் மீன்தான்டா. நாம ஒண்ணு எடுத்தா, சீயா வலையில நூறு எடுக்கிறாரு." "அவரு வலைக்கு எது வருதோ அது வருது. நாம ஆளப் பாத்து அடிக்கிறோம்." "ஆளா? மச்சான், மீனப் போயி ஆளுங்குற." இப்படியே ரோட்டு முனை கடை வரைக்கும் போனது.

நாங்கள் மூன்று பேரும் வளர்ந்தது பிள்ளைக்காம்பராவில். அம்மாமார் மலைக்குப் போகும்போது பிரட்டுக்கு முன்னால் எங்களை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அதையும் இதையும் முடிச்சுப் போட வேண்டாம் என்றுதான் நினைத்தோம். அந்தச் சண்டையில் ஒருத்தன் முடிச்சுப் போட்டான், மற்றவன் "சும்மா படம் காட்டாத" என்றான். இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

எங்களுக்கு உறுத்தியது சாவு அல்ல. மீன் பிடிக்கப் போகிறவன் மீன் சாவதைப் பற்றி அழக்கூடாது. எந்த இடத்தில் ஏமாற்றினோம் என்பதுதான் உறுத்தல். இத்தனை நாளும் ரப்பர் மீனை நாங்கள் ரசித்தது அது பசியை ஏமாற்றுகிறது என்பதால். விரால் என்ன தின்னும், எங்கே ஒதுங்கும், எப்போது மேலே வரும் என்று நாங்கள் படிக்க வேண்டும், அது எங்களைப் படிக்கும். அதில் ஒரு போட்டி இருக்கிறது. குஞ்சுக் கூட்டத்தின் நடுவே அந்த விரால் பசியில் கடிக்கவில்லை. குஞ்சுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று வந்து அடித்தது. செருப்பைக் கட்டி இழுத்திருந்தாலும் அடித்திருக்கும். நாங்கள் கற்றுக்கொண்ட கொளுவல், மெதுவான இழுப்பு, எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

பாக்கெட்டில் இருந்த பாஸ் மீனைப் பற்றி அந்தச் சண்டைக்குப் பிறகுதான் ஒழுங்காகத் தேடி வாசித்தோம். அங்கேயும் இதே கதை. வசந்த காலத்தில் ஆண் பாஸ் ஆழம் குறைந்த இடத்தில் வாலால் மண்ணைக் கிளறி வட்டமாகக் கூடு செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கு விசிறுவது, வருகிறவனை விரட்டுவது, பொரித்த பிறகும் குஞ்சோடு சுற்றுவது எல்லாம் தகப்பன்தான். அந்த நாட்களில் கூட்டின் மேல் ஒரு மென்மையான லூரை இறக்கிவிட்டால் தூக்கி வெளியே போடவாவது வாயில் எடுக்கும். தெளிந்த தண்ணீரில் கூடு மேலேயே தெரியும் என்பதால் அங்கே இதற்கென்றே தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கூடாது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிடித்துவிட்டு உடனே திரும்ப விட்டாலும், தகப்பன் இல்லாத அந்தச் சில நிமிடத்தில் புளூகில் என்ற சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முட்டையைத் தின்றுவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் பல இடங்களில் இந்தக் காரணத்துக்காகவே ஜூன் மாதம் வரைக்கும் பாஸ் பிடிக்கத் தடை. எங்க குளக்கரையில் அப்படி எந்த அட்டவணையும் தொங்கவில்லை. தொங்கினாலும் எந்த மொழியில் தொங்கியிருக்கும் என்பது வேறு கதை.

இடையில் ஒரு பைத்தியக்கார யோசனையும் வந்தது. விரால் வேண்டாமென்றால், பாஸ் குஞ்சு எங்கிருந்தாவது எடுப்பித்து ஸ்டோர் குளத்தில் விட்டால் என்ன? குளிர் தண்ணியையும் அது தாங்குமே, திலாப்பியாவும் தின்னக் கிடைக்கும். ஒரு பின்னேரம் முழுக்க அந்தக் கனவில் இருந்தோம். அதையும் ஒருத்தர் செய்து பார்த்திருக்கிறார். ஜப்பானில் அகபோஷி தெத்சுமா என்ற தொழிலதிபர் 1925இல் அமெரிக்காவிலிருந்து பாஸ் கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். அது ஏரி விட்டு ஏரி போய்ப் பிவா ஏரியையும் பிடித்தது. 2009இல் பெரியின் சாதனைக்குச் சமமான பாஸ் கிடைத்தது அந்தப் பிவாவில்தான். அதே பிவா ஏரியில் 2003இலிருந்து, பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது என்று சட்டம். உள்ளூர் மீன்களை அது அந்த அளவுக்குத் தின்றிருக்கிறது. எங்க நாட்டிலேயே தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் தென்கிழக்காசியாவின் பெரிய விரால் இனம் ஒன்று பெருகி, மீனவர்கள் தலையில் கை வைத்திருக்கிறார்கள். அலங்கார மீனோடு மீனாக வந்திருக்கலாம் என்கிறார்கள். அதைக் குறைக்க அங்கே தூண்டில் போட்டியே நடத்திப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தர் தொட்டியைக் காலி பண்ணின வேலையாக இருக்கும். எங்க கனவு அந்தப் பின்னேரத்தோடு முடிந்தது.

ஒரு ஒப்பந்தம் போட்டோம். குஞ்சு சிவப்பாகத் தெரிகிற கூட்டத்துக்கு எறிவதில்லை. கொஞ்சம் வளர்ந்து நிறம் மாறிப் பச்சையும் பழுப்புமாகிவிட்டால் அவை பிரிந்து போகத் தொடங்கும், பிறகு பார்க்கலாம். கிழிந்த வால்களைக் குளத்தில் விடுவதில்லை. எதையும் விழுங்குகிற மீன் அதையும் விழுங்கும், வயிற்றில் கரையாது. கிழிசலை லைட்டர் நெருப்பில் லேசாக உருக்கி ஒட்டினால் இன்னும் ரெண்டு தரம் தாங்கும். ஒட்ட முடியாததெல்லாம் ஒரு பழைய பால்மா டின்னுக்குள் கிடக்கிறது. விற்கலாம் என்ற கூட்டாளி ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டது மனம் மாறி அல்ல. "ரெண்டு பேரு ஒரு பக்கம், நான் தனியா பஸ்ஸுக்குக் காசு போட ஏலாது" என்றான்.

அந்தக் குளத்துக்குப் பிறகு நாலு தரம் போயிருக்கிறோம். இரண்டு தரம் வெறுங்கை. ஒரு தரம் நடுத்தரமான ஒரு விரால், தாமரைக்கு வெளியே, வளையத்தைத் தாண்டி எறிந்து, மெதுவாக இழுத்து. அதைப் பிடித்தபோது மூன்று பேரும் கத்தவில்லை, கை மட்டும் நடுங்கியது. கடைசியாகப் போனது மழை விட்ட கையோடு. குளம் நிறைந்து கரையோரப் புல்லுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில் கொதித்தது. சீயா வள்ளத்தில் நின்றுகொண்டு எங்களைக் கண்டதும் கையைத் தூக்கிக் காட்டினார், "எத்தனட்ட, எத்தனட்ட!"

நாங்களும் கையைத் தூக்கிக் காட்டினோம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்களுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, துடுப்பால் தண்ணீரைத் தட்டி மறுபடியும் அந்த இடத்தைக் காட்டினார். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் நடந்தோம். அங்கே வெயில் கூட, நிழலுக்கு ஒரு மரமில்லை, மீனும் குறைவு.